ஆணையும் அறமும்

அரசு ஆணையிடுகிறது, ஊழியன் நிறைவேற்றுகிறான். அவ்வாணை அறத்துக்கு மாறானதாயின் பழி யாரைச் சாரும்? பிரான்சு நாட்டின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

போருக்கு முன்னரே அந்நாடு இரண்டுபட்டுக் கிடந்தது. 1934 பிப்ரவரி 6 அன்று, வலதுசாரி அணிகள் பாரிசில் நாடாளுமன்றத்தை நோக்கித் திரண்டபோது குருதி சிந்தியது. 1936-இல் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி வென்று, லெயோன் புளூம் பிரதமரானார். அவர் யூதர் என்பதே அவரைப் பலர் வெறுக்கப் போதுமானதாயிற்று. 1940-இல் ஜெர்மானியப் படை நுழைந்தது. ஆறே வாரங்களில் நாடு வீழ்ந்தது. வீழ்ச்சிக்குப் படைத்தலைமையின் பிழைகளும் காரணமே. ஆயின், வீழ்ச்சிக்குப் பின் நேர்ந்தவற்றுக்கு வித்து அப்பழைய பகையே எனலாம்.

ஜூலை 10 அன்று விஷி நகரில் கூடிய நாடாளுமன்றம், 569 வாக்குகளால் மார்ஷல் பெத்தேனிடம் முழு அதிகாரத்தை ஒப்படைத்தது. எதிர்த்தோர் 80 பேரே. அக்டோபர் 3 அன்று யூதர்களை அரசுப் பணிகளினின்று விலக்கும் சட்டம் பிறந்தது. அஃது ஜெர்மானியர் கேட்டு இயற்றப்பட்டதன்று. லண்டனிலிருந்து போராடிய தெகோலுக்கோ மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. சட்டம் ஒருபுறமும் அறம் மறுபுறமும் நின்ற காலம் அது.

1942 ஜூலை 16, 17 நாள்களில் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் ஏறத்தாழ 13,000 யூதர்கள் கைதாயினர். அவர்களுள் 4,000-க்கு மேற்பட்டோர் குழந்தைகள். கைது செய்தோர் பிரெஞ்சுக் காவலர். முகவரிகளைத் தந்தவை காவல் தலைமையகத்தில் எழுத்தர்கள் பேணிய பெயர் அட்டைகள். அட்டை எழுதியவர் எவரையும் கொல்லவில்லை. பிழையின்றி எழுதி, மாலையில் வீடு திரும்பினார். கோப்புகளிடையே வாழ்நாளைக் கழிக்கும் நம் போன்றோரை உறங்கவிடாத செய்தி இதுவே.

ஒவ்வோர் ஊழியனும் ஆணையை ஆராயத் தொடங்கினால் ஆட்சி நடக்குமா எனக் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அன்றாட ஆணைகளில் பணிவே முறை. ஆயின் மனிதனை மனிதனல்லன் என்று பதிவு செய்யச் சொல்லும் ஆணை அவ்வகையினது அன்று. 1941-இல் பெத்தேனுக்கு உறுதிமொழி எடுக்க மறுத்தவர் பால் திதியே என்னும் ஒரே ஒரு நீதிபதி. அவர் பதவியிழந்தார், முகாமில் அடைக்கப்பட்டார். போர்தோவில் உயர் அலுவலராயிருந்து யூதர்களை நாடுகடத்தத் துணைநின்ற மொரீசு பாப்போனோ பின்னாளில் அமைச்சராகவும் உயர்ந்தார். 1998-இல்தான் பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

அறம் உடனே பயன் தருவதில்லை என்பதை இவ்விருவர் வாழ்வும் காட்டுகின்றன. நாம் திதியே ஆவோமா என்று உறுதி கூற இயலாது. எனினும், கையெழுத்திடுமுன் அத்தாளிலுள்ள பெயருக்கு உரியவரை ஒரு கணம் நினைக்க நம்மால் இயலும். அதை எந்த ஆணையும் தடுப்பதற்கில்லை.