பிரிந்திருத்தல்

வன்னியம்பட்டியில் பேருந்துக்குக் காத்திருந்தபோது அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "சேரவும் வேண்டாம், தீர்க்கவும் வேண்டாம். அப்படி ஒரு வழி கோர்ட்டிலே உண்டாமே அண்ணாச்சி?"

தெரிந்தவர் வீட்டுப் பெண். கை நீட்டுகிற கணவனை விட்டு வந்து தகப்பன் வீட்டில் இருக்கிறாள்.

உண்டு என்றேன். ஆனால் எனக்குள் ஓர் ஏளனம் எழுந்ததை மறைப்பானேன்? வீட்டைக் காலி செய்தவன் சாவியை மட்டும் மடியில் முடிந்துகொள்வதுபோல் இது என்ன அரைகுறை வேலை என்று நினைத்தேன்.

"மாசம் ஒருதரம் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்து நிக்கிறார். அப்பாவும் இளகிப் போறார். போக வேண்டியதில்லைன்னு ஒரு காகிதம் இருந்தாப் போதும். தீர்த்துவிட எனக்கு இன்னும் மனசு வரலை."

ஏளனம் அடங்கிவிட்டது. பிரிந்திருத்தல் நமக்குப் புதிதா? 'வாழாவெட்டி' என்று ஒரு சொல்லையே செய்துவைத்திருக்கிறோம். அதற்கு ஆண்பால் உண்டா? பிரிந்தபின் அவன் மறுபடி மணமேடை ஏறலாம். இவள் அடுப்படியில் ஒதுங்க வேண்டும். தீர்த்துவிடும் வழக்கமுள்ள சாதிகளில் மட்டும் பெண்ணுக்கு மறுவழி இருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-ஆம் ஆண்டுச் சட்டம்தான் இந்துக்களின் இருதார மணத்தைத் தடுத்தது. பிறகு 1955-இன் இந்துத் திருமணச் சட்டம், பத்தாம் பிரிவில், நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழ இடமளித்தது. இதில் சேர்ந்து வாழும் கடமை நீங்குகிறது, மணம் நிற்கிறது. இருவரில் எவரும் வேறு மணம் செய்ய முடியாது. ஜீவனாம்சம் கேட்கலாம். மனம் மாறினால் அந்தத் தீர்ப்பையே ரத்துச் செய்யும்படி கோரலாம். கட்டு இருவருக்கும் சமம் என்பதுதான் இதில் நான் காணும் நியாயம்.

ஆனாலும் ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. தானும் வாழாமல் அவனையும் வாழவிடாமல் ஆயுள் முழுவதும் கட்டிப்போட்டால், அது அடிக்குப் பதிலடியல்லவா? சட்டம் செய்தவர்களும் இதை எண்ணியிருக்க வேண்டும். தீர்ப்புக்குப் பின் ஓராண்டு சேராமலே இருந்தால், இருவரில் யார் வேண்டுமானாலும் விவாகரத்துக் கேட்கலாம். முன்பு இரண்டாண்டாக இருந்தது, 1976-இல் குறைத்தார்கள். அடித்தவனுக்கும் அந்த உரிமை உண்டு என்பது கசக்கத்தான் செய்கிறது. ஆனால் பிரிவு என்பது யோசிக்கக் கிடைத்த அவகாசம். அதையே குடியிருப்பாக்கிக்கொள்ள முடியாது.

அவளிடம் இதையும் ஒளிக்காமல் சொன்னேன்: "ஒரு வருஷம் கழிச்சு அவனே தீர்த்துவிடக் கேட்கலாம், தாயி."

சற்று நேரம் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கேட்கட்டும். அந்த ஒரு வருஷம் யாரும் வாசல்லே வந்து நிக்க மாட்டாங்கல்ல?"

சட்டம் வாசற்படிக்குக் காவல் நிற்குமா? "வந்தாலும் நீ போக வேண்டியதில்லை" என்று மட்டும் சொன்னேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து வந்துவிட்டது. ஏறி அமர்ந்தவள் ஜன்னல் வழியாகக் கேட்டாள்: "ஜில்லா கோர்ட்டுக்கு எந்த ஸ்டாப்பிலே இறங்கணும் அண்ணாச்சி?"