அச்சமும் ஞாபகமும்

நமது வகுப்பறைகளிலே நாடோறும் நிகழ்வதொன்றைக் கொண்டு இவ்வாராய்ச்சியைத் தொடங்குதும். மாணாக்கனொருவன் முதனாள் இரவு வீட்டிலே விளக்கின் முன்னிருந்து பாடத்தைத் தவறின்றி ஒப்புவிக்கின்றான். மறுநாட் காலையில் ஆசிரியர் அவனை எழுப்பி அதனையே வினாவுகின்றார். அவன் வாய் உலர்கின்றது, கை நடுங்குகின்றது, ஒரு சொல்லும் வருகின்றிலது. ஆசிரியர், படியாமல் வந்தான் என்றாதல், அறிந்தும் சொல்லாது நிற்கும் பிடிவாதன் என்றாதல் துணிகின்றார். துணிந்தபின் சினமும், சினத்தின்பின் தண்டமும் வருகின்றன. இங்ஙனம் நிகழுமிடத்து, மறந்தது யார் குற்றம் என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

பிறரைக் குறைகூறும் பொருட்டு இவ்வினாவை எடுத்தோமல்லோம். பல ஆண்டுகளுக்கு முன், கணக்கொன்றுக்கு விடை கூறாது நின்ற சிறுவனொருவனை நாம் பலர் முன்னிலையில் வைது, பிரம்பாலும் அடித்தோம். அன்று மாலை கொப்பிகளைத் திருத்தும்போது, அதே கணக்கை அவன் முதனாளே பிழையின்றிச் செய்திருக்கக் கண்டோம். கொப்பியில் அறிந்தவனாயிருந்தவன் நம்முன் நின்றபோது அறியாதவனாயினான். அவ்வறிவு எங்கே போயிற்று என்னும் கேள்வி அன்று தொட்டு நம்மை விட்டு நீங்கிற்றில்லை.

உடற்றொழில் நூலார் இதற்குக் கூறும் விடை வருமாறு. மூளையின் உள்ளே, பக்கத்துக்கொன்றாக, வாதுமைப் பருப்பின் வடிவினதாகிய ஒரு சிறு பகுதியுண்டு. ஆபத்தை உணர்ந்து உடம்புக்கு அறிவித்தல் அதன் தொழில்களுட் சிறந்தது. அது அறிவித்த மாத்திரத்தே, சிறுநீரகங்களின் மேலமர்ந்த அதிரினற் சுரப்பிகள் நரம்பு வழியாகத் தூண்டப்பட்டு, அதிரினலின் என்னும் ஓமோனை இரத்தத்திற் சொரிகின்றன. நெஞ்சு விரைந்து துடிக்கின்றது, மூச்சு மிகுகின்றது, இரத்தம் குடலை விட்டுத் தசைகளை நோக்கிப் பாய்கின்றது. போராடுதற்காதல் ஓடித் தப்புதற்காதல் உடம்பு செய்யும் ஆயத்தம் இதுவென ஹாவாட் பல்கலைக்கழகத்து வால்டர் கனன் என்பார் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே விளக்கினார்.

இது விரைந்து செல்லும் வழி. மெல்லச் செல்லும் வழி வேறொன்றுண்டு. மூளையின் அடியிலுள்ள பரிவகக்கீழ் என்னும் பகுதி கபச்சுரப்பியை ஏவ, கபச்சுரப்பி அதிரினற் சுரப்பியின் புறணியை ஏவ, அப்புறணி கோட்டிசோல் என்னும் ஓமோனைச் சுரக்கின்றது. இது இரத்தத்தில் உச்சநிலையை அடைதற்கு ஏறக்குறைய 20 முதல் 30 நிமிடஞ் செல்லும்.

இவ்விரண்டும் அறிவைத் தொடுமிடம் யாதெனின், கூறுதும். கற்றவற்றை நினைவிற் பதித்தற்கும் மீட்டற்கும் வேண்டப்படுவது, கடற்குதிரை வடிவினதாகிய ஒரு பகுதி. அதிரினற் புறணியின் ஓமோனை எலியின் மூளையில் இப்பகுதி சிறப்பாக ஏற்றுக்கொள்கின்றதென நியூயோர்க் நகரத்து ஆராய்ச்சியாளராகிய புரூஸ் மக்யூவன் 1968ஆம் ஆண்டிலே காட்டினார். மற்றொன்று நெற்றியின் பின்னுள்ள புறணி. ஒரு கணக்கின் படிகளை மனத்தில் ஏந்தி வைத்தலும், எழுந்த வேகத்தை அடக்குதலும் இதன் தொழில். அச்சம் எல்லை கடக்குமிடத்து நரம்புகளிற் பெருகும் இரசாயனப் பொருள்கள் இப்புறணியின் இணைப்புக்களைத் தளர்த்துகின்றன என்பது யேல் பல்கலைக்கழகத்து ஏமி ஆர்ன்ஸ்ரன் என்னும் அம்மையார் முதலாயினோரது ஆராய்ச்சியின் முடிபு. அப்போது ஆட்சி நெற்றிப் புறணியின் கைவிட்டு, பழக்கத்தையும் அச்சத்தையும் நடத்தும் பகுதிகளின் கைப்படுகின்றது.

இதனைச் சோதனையாற் கண்டதுமுண்டு. 1998ஆம் ஆண்டு வெளியான ஆராய்ச்சியொன்றிலே, நீர்த்தொட்டியினுள் மறைந்த மேடையின் இடத்தை எலிகளுக்குப் பழக்கினர். மறுநாள் அவற்றின் நினைவைச் சோதித்தற்கு முன் சிலவற்றின் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தனர். 2 நிமிடத்துக்கு முன்னும் 4 மணி நேரத்துக்கு முன்னும் அதிர்ச்சி பெற்றவை இடத்தை மறந்தில. 30 நிமிடத்துக்கு முன் பெற்றவையே தடுமாறின. ஓமோன் சுரவாதபடி மருந்தினாலே தடுத்தபோது அத்தடுமாற்றமும் நிகழ்ந்திலது. 2000ஆம் ஆண்டிலே மனிதரிடத்தும் இதுவே காணப்பட்டது. முதனாள் கற்ற சொற்களை ஒப்புவித்தற்கு ஒரு மணி நேரத்துக்கு முன் கோட்டிசோன் மருந்தை உட்கொண்டோர், உட்கொள்ளாதோரினுங் குறைவாகவே நினைவுகூர்ந்தனர். கற்கும்போது உட்கொண்டோர்க்கு அக்குறை நேர்ந்திலது. ஆகவே கெட்டது பதிவன்று. அதனை எடுக்கும் வழியே அடைபட்டது. காலையில் அடித்து அரைமணி கழித்து வினாவும் ஆசிரியர், விடை வாராத வேளையைத் தாமே ஆக்கிக்கொண்டு விடையை வேண்டுகின்றாரென்க.

பிரம்பை நீக்கிவிட்டோமே, இனி இவ்வாராய்ச்சி நமக்கெதற்கெனின், அதற்கும் விடையுண்டு. இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலே சுற்றறிக்கையினாற் பாடசாலைகளில் உடற்றண்டத்தை விலக்கியது. ஆயின் அச்சம் பிரம்பினின்று மாத்திரம் பிறப்பதன்று. ஜேர்மனி தேசத்து ட்ரியர் நகரத்திலே, மனிதரிடத்து மனநெருக்கடியை உண்டாக்கி அளத்தற்கு ஒரு முறை வகுத்து 1993ஆம் ஆண்டு வெளியிட்டனர். முகத்தில் யாதொரு குறிப்புங் காட்டாத நடுவர் சிலர் முன் ஒருவரை நிறுத்திப் பேசச் செய்வர். பின்பு 1022 என்னும் எண்ணிலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழித்துச் சொல்லச் செய்வர். பிழைத்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அடியில்லை, வசையில்லை. எனினும் அவர் உமிழ்நீரிற் கோட்டிசோல் இரு மடங்கு முதல் நான்கு மடங்கு வரை ஏறிற்று. மனிதரை அஞ்சுவித்தற்கு வழி தேடிய அறிஞர் கண்ட வழி, நாம் நாடோறும் மனக்கணக்குப் பாடத்திற் செய்வதேயாம்! இதனை எண்ணுந்தோறும் நம் உள்ளம் கூசுகின்றது.

இனி, இதன்மேல் எழும் ஆட்சேபங்கள் இரண்டு. அச்சமின்றிக் கல்வியில்லை என்பது ஒன்று. அதில் ஓரளவு உண்மையுண்டு. சிறிது கிளர்ச்சி ஞாபகத்தை உறுதிசெய்யும். யேர்க்ஸ், டொட்சன் என்னும் இருவர் 1908ஆம் ஆண்டு சுண்டெலிகளைப் பழக்கியபோது, எளிய பாடத்துக்கு வலிய அதிர்ச்சி தீங்கு செய்திலது. அரிய பாடத்துக்கோ மிதமானதே நன்றாயிற்று, மிக்கது கெடுத்தது. அச்சத்தினால் வாய்பாட்டை உருப்போடுவித்தல் கூடுமாயினும், புதிய கணக்கை ஆராய்ந்து செய்வித்தல் அரிதென்க. அன்றியும் அச்சவேளையில் ஆழப் பதிவது பெரும்பாலும் அச்சத்தைத் தந்த பொருளே. அடியுண்டவன் கணக்கை மறந்தாலும் அடித்த கையை மறவான்.

மற்றை ஆட்சேபம் இதனினும் வலியது. எல்லாஞ் சுரப்பியின் தொழிலாயின், மாணாக்கன்மேற் குற்றமில்லாதவாறே ஆசிரியன்மேலுங் குற்றமில்லையன்றோ? அவர் சினமும் ஓர் ஓமோனே. அவர் நெற்றிப் புறணியும் அவ்வேளையிலே தளர்ந்ததே எனின், நன்று வினாயினீர். ஒரு செயலுக்குக் காரணமுண்டு என்பதனால் அதற்குப் பொறுப்பாளரில்லை என்பது பெறப்படாது. மயக்க நோயுடையோன் ஒருவன், இன்று மயக்கம் வருமென அறிந்தும் பனையேறிக் கீழே நின்றவன்மேல் விழுந்தானாயின், விழுந்த கணத்தை அவன் தடுத்தல் கூடாது, ஏறாதிருத்தல் கூடும். அவனைக் கேட்கவேண்டிய கேள்வி விழுந்ததைப் பற்றியதன்று, ஏறியதைப் பற்றியது. சினமும் அத்தகைத்து. அது பொங்கியபின் அடக்குதல் அரிது. ஆயின் தமக்கு எப்போது சினம் வருமென்பதை ஒவ்வோராசிரியரும் அறிவர். அவ்வேளையிலே தண்டஞ் செய்யேன், ஒருவன் குணத்தைத் தீர்ப்பிடேன் என அமைதியான வேளையிலே உறுதிசெய்தல் அவர் கையிலுள்ளது.

மாணாக்கன் கையில் உள்ளது யாது? 2004ஆம் ஆண்டு இருவர் முன் நிகழ்ந்த 208 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, கோட்டிசோலை மிக உயர்த்துவன இரண்டெனக் கண்டனர்: பிறர் தம்மை மதிப்பிடுகின்றனர் என்பது ஒன்று, முடிவை மாற்றுதல் தம்மாலியலாது என்பது மற்றொன்று. எழும்பும் வேளையையும், வினாவையும், பார்த்து நிற்கும் தோழரையும், தன்னை நோக்கும் முகத்தையும் சிறுவன் தெரிந்துகொண்டானல்லன். அவையனைத்தையும் தெரிந்தவர் ஆசிரியர். மாற்றும் வல்லமை எவரிடத்து மிகுதியோ, பொறுப்பும் அவரிடத்தே மிகுதி. இதுவே நாம் கண்ட முடிபு.

இதனால் மாணாக்கனை முற்றும் விடுவித்தோமல்லோம். படியாமை குற்றமே. ஆனாற் படியாதவனும் அஞ்சியவனும் புறத்தே ஒரே வடிவினராய் நிற்பர். இவரைப் பிரித்தறிதற்கு வழி அமைதியொன்றே. விடை வாராதவனை இருத்தி, சிறிது நேரங் கழித்துத் தாளில் எழுதச் சொல்லுக. எழுதினானாயின் அவன் படித்தவன். வீட்டிற் பசியோ பூசலோ கண்டு அச்சத்தோடு வந்தவனிடத்து முதல் வினாவை எளிதாக்குக. விடைக்கு முன் சிறிது காத்திருக்க. இவற்றுக்குப் பணமும் வேண்டாம், அரசின் அனுமதியும் வேண்டாம்.

அன்பு வெறும் இனிய சொல்லன்று, உடம்பிலும் வேலை செய்வது என்பதற்கு ஒரு சான்று கூறி முடிப்பாம். மொன்றியல் நகரத்திலே மைக்கல் மீனி என்பவரும் அவர் துணைவரும், தாயெலி மிகுதியாக நக்கிப் பேணிய குட்டிகள் வளர்ந்தபின் நெருக்கடிக்கு அத்துணை கலங்குவதில்லை என 1997ஆம் ஆண்டிலே காட்டினர். பேணாத தாயின் குட்டியைப் பேணும் தாயிடம் விட்டபோது, அது வளர்த்த தாயின் வழியைப் பின்பற்றிற்று. எலிக்குக் கண்டது மனிதர்க்கு அப்படியே பொருந்துமென நாம் சாதிக்கின்றிலேம். எனினும் பெற்றவரல்லாதார் பேணுதலும் வீணன்று என்னும் நம்பிக்கைக்கு அது இடந்தருகின்றது. ஆசிரியத் தொழிலின் நம்பிக்கை முழுவதும் அதுவேயன்றோ?

நாம் அடித்த அச்சிறுவனுடைய கொப்பியிலே அன்று சரியடையாளம் இட்டுக்கொடுத்தோம். அதற்குமேல் ஒன்றுஞ் சொன்னோமில்லை. அது போதாதென்பதை இப்போது அறிகின்றோம். இதனை வாசிக்கும் ஆசிரியர்க்கு அத்தகைய சிறுவனொருவன் இன்று வகுப்பிலிருப்பானாயின், அவர்க்கு நாளைக் காலை இன்னும் உண்டு.