கடைக்காரரும் ஒரு பர்ளு கிபாயாவும்

 

நான் ஆலிமல்ல. ஊர் மத்ரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்தி, சிறு வயதிலேயே தராசு பிடித்தவன். ஆகவே இதை உபதேசமாகக் கொள்ள வேண்டாம். ஒரு கடைக்காரன் மற்றக் கடைக்காரர்களிடம் மனம் விட்டுச் சொல்லும் வார்த்தையாகக் கொள்ளுங்கள்.

என் ராத்தாவின் மகன் இந்நாட்டிலேயே மார்க்கக் கல்வியில் பட்டம் பெற்றான். "மாமா, இன்னும் இரண்டு வருஷம் படித்து எம்.ஏ. முடிக்க ஆசைப்படுகிறேன்" என்றான். "தொழ வைக்கத் தெரியும், நிக்காஹ் ஓதத் தெரியும், ஜனாஸா தெரியும். இதற்கு மேல் என்னடா படிப்பு? கல்லாவில் உட்கார்" என்றேன். அவனும் பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தான்.

மூன்று வருஷம் சென்றது. ஒருநாள் இஷாவுக்குப் பின், பணம் மாற்றும் கடை வைத்திருக்கும் நண்பர் ஒரு சந்தேகம் கேட்டார். ஜொகூர் பாருவில் சிங்கப்பூர் வெள்ளியும் ரிங்கிட்டும் அன்றாடச் சரக்கல்லவா? பொன்னையும் வெள்ளியையும் மாற்றினால் கைக்குக் கை முடிய வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய சட்டம். உலமாக்கள் அதை இன்றைய நாணயத்துக்கும் பொருத்துகிறார்கள். "இப்போது நோட்டைக் கையில் கொடுக்காமல் பேங்குக் கணக்கில் வரவு வைக்கிறோமே, அது கைக்குக் கை ஆகுமா?" என்றார் நண்பர். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

மருமகன்தான் பேசினான். 1990ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச பிக்ஹு சபை இதை ஆராய்ந்து, கணக்கில் வரவு வைப்பதும் கைப்பற்றியதாகவே ஆகும் என்று தீர்மானித்ததாம். நாளைக்குத் தருகிறேன் என்று வாய்ப்பேச்சில் மாற்றுவதுதான் கூடாது என்றான். பிறகு தலைகுனிந்து, "அவர்கள் எந்த ஆதாரங்களைக் கொண்டு முடிவு கட்டினார்கள் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது மாமா. அதைத்தான் மேலே படிக்க நினைத்தேன்" என்றான்.

சகோதரர்களே, அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

திருமறையின் தவ்பா அத்தியாயம் 122ஆம் வசனத்தின் கருத்தை எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒருங்கே போருக்குப் புறப்பட்டுவிடாமல், ஒவ்வொரு கூட்டத்திலும் சிலர் மார்க்கத்தை ஆழ்ந்து கற்று, மற்றவர்களுக்கு எச்சரிக்கை செய்யவேண்டும் என்கிறது. இதுவே பர்ளு கிபாயா. சிலர் நிறைவேற்றினால் எல்லோர் கடமையும் நீங்கும். ஒருவருமே செய்யாவிட்டால் பாவம் எல்லோர் தலையிலும் விழும். நம் ஜமாஅத்தில் அந்தச் சிலர் யார்?

இமாம் அபூ ஹனீபா (ரஹ்) அவர்கள் கூபாவில் பட்டுத்துணி வியாபாரி. அவர்களிடம் ஓத வந்த அபூ யூஸுப் ஏழை. வறுமையால் பாடத்துக்கு வராமல் நின்றபோது, இமாமவர்கள் பணமுடிப்புக் கொடுத்து ஓத வைத்தார்கள். அந்த மாணவரே பின்னாளில் ஹாரூன் ரஷீதின் தலைமைக் காஜியானார். அரசு வருவாய் பற்றிக் 'கிதாபுல் கராஜ்' எழுதினார். அந்தப் பணம் துணிக்கடைக் கல்லாவிலிருந்து வந்ததுதான்! நம் தாய்நாட்டிலும் 1951ல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியை நிறுவிய ஜமால் முஹம்மது சாகிபும் காஜா மியான் ராவுத்தரும் வியாபாரிகளே.

முன்னொரு காலம் மலாயாவிலிருந்து மார்க்க மேற்படிப்புக்கு மக்காவுக்கோ கைரோவுக்கோ கப்பலேற வேண்டும். 1955ல் கிள்ளானில், சிலாங்கூர் சுல்தான் தந்த அரண்மனையில் இஸ்லாமியக் கல்லூரி திறந்தது. 1970ல் தேசியப் பல்கலைக்கழகமும், 1983ல் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் வந்தன. இன்று ஜொகூரிலிருந்து பஸ் ஏறினால் போதும். வழி திறந்திருக்கிறது, அடைத்து நிற்பது என்னைப்போன்ற மாமன்மார்தான்.

நாம் சின்னஞ்சிறார் ஓத மத்ரஸா நடத்துகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஏணியின் முதற்படியிலேயே நின்றுவிடுகிறோம். ஐந்தாறு கடைகள் சேர்ந்து ஒரு மாணவரை இரண்டு வருஷம் தாங்கினால் எந்தக் கடையும் நொடித்துப் போகாது. பந்தல் போட்டு ஒரே நாளில் செலவழிக்கும் பணந்தானே!

என் மருமகன் இவ்வருஷம் மேற்படிப்புக்குப் போகிறான். வீணான மூன்று வருஷங்களுக்கு நானே அல்லாஹ்விடம் பதில் சொல்லவேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டு நிற்கும்போது நீங்களும் என்னைப்போல் பதில் சொல்லிவிடாதீர்கள்.

அல்லாஹு தஆலா நம் பொருளிலும் பிள்ளைகளின் அறிவிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.