சீட்டுக் குலுக்கிச் சிகிச்சையா?

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் நின்றபோது ஒரு சகோதரர் தயங்கித் தயங்கி ஒரு மஸ்அலா கேட்டார். அவருடைய மனைவிக்குக் கருப்பை வாயில் புற்றுநோய். ஆராய்ச்சி ஒன்றில் சேரலாம் என்கிறார் டாக்டர். அதில் இரண்டு விதச் சிகிச்சைகள். யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்குவதைப்போல் கம்ப்யூட்டர் தீர்மானிக்குமாம். "ஹஜ்ரத்! ஓர் உயிரை வைத்துச் சூதாடலாமா?" என்றார்.

கேள்வி நியாயமானதே. சூதையும், அம்பெறிந்து குறி பார்ப்பதையும் அல்லாஹ் ஹராமாக்கியிருக்கிறான். ஆனால் எல்லாக் குலுக்கலும் சூதல்ல. மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்பது எழுதுகோல்களை எறிந்தே முடிவாயிற்று. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யார் உடன் வருவது என்பதைக் குலுக்கியே தீர்மானித்தார்கள். உரிமை சமமாக இருக்கும்போது நீதிக்காகச் செய்யப்படுவது அது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: இரண்டு சிகிச்சைகளும் மனித அறிவுக்கு எட்டியவரை சமந்தானா? ஒன்று மேலென்று தெரிந்த பின்பும் குலுக்கினால் அது அநீதி.

"டாக்டர்களுக்கே தெரியாதா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்நோய் ஆரம்ப நிலையில் இருந்தால் கருப்பையை அகற்றுவார்கள். வயிற்றைத் திறந்து செய்வது பழைய முறை. சிறு துளையிட்டுக் கருவிகளைச் செலுத்திச் செய்வது புதிய முறை. இதில் இரத்தச் சேதம் குறைவு. சீக்கிரம் வீடு திரும்பலாம். எனவே பல நாடுகளில் டாக்டர்கள் நல்ல நிய்யத்தோடு புதியதையே செய்துவந்தார்கள். 2008ல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சியில் 33 மருத்துவமனைகளில் 631 பெண்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனர். புதிய முறைக்குரிய 319 பேரில் 19 பேர் மவுத்தானார்கள். பழைய முறைக்குரிய 312 பேரில் 3 பேர். வித்தியாசம் தெரிந்ததும் 2017ல் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. 2018ல் முடிவு வெளியாயிற்று. உலக வழக்கமே மாறிற்று.

அந்த 19 பேரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஆராய்ச்சி நடக்காதிருந்தால், அதே சிகிச்சையால் இன்னும் பலர் மறைந்திருப்பர். காரணம் யாருக்கும் தெரிந்திராது. நோயை இறக்கியவன் மருந்தையும் இறக்கியிருக்கிறான். அதைத் தேடுவது நம் கடமை.

தேடுவதற்கும் வரம்பு உண்டு. நியூஸிலாந்தின் ஆக்லாந்து நகரில் 1966 முதல், புற்றுநோயின் முன்நிலையில் இருந்த பெண்களுக்குரிய சிகிச்சையைக் கொடுக்காமல், என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பெண்களிடம் அதைச் சொல்லவுமில்லை. சிலருக்கு நோய் முற்றிற்று, சிலர் இறந்தார்கள். 1988ல் விசாரணை அறிக்கை அதைக் கண்டித்தது. இது தேடலல்ல, அமானத்தில் செய்த மோசடி.

அந்தச் சகோதரருக்கு நான் சொன்னது இதுவே: எது மேலென்று உண்மையிலேயே தெரியாத நிலையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒன்று மேலென்று தெரிந்தால் உடனே நிறுத்துவார்களா, விலக விரும்பினால் சிகிச்சை குறையாதா என்றும் கேளுங்கள். மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்தால் சேர்வது கூடும். ஆனால் பதிலை நீங்கள் மட்டும் கேட்டு வராதீர்கள். உடல் அவர்களுடையது, அவர்களும் உட்கார்ந்து கேட்கட்டும். சம்மதம் அவர்கள் வாயிலிருந்து வரட்டும்.

அவர் நிமிர்ந்து பார்த்து, "அவளிடம் இன்னும் நோயின் பெயரையே சொல்லவில்லை, ஹஜ்ரத்!" என்றார்.

"அப்படியானால் முதலில் வீட்டுக்குப் போய் அதைச் சொல்லுங்கள்" என்றேன்.

அல்லாஹ் அந்தச் சகோதரிக்கு ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.