கலத்தின் ஆயுளும் காயத்தின் ஆயுளும்

இதயத்தின் துடிப்புத் தளர்ந்துபோனவர்களுக்குக் காறை எலும்பின் கீழே, தோலுக்கடியில் வைத்துத் தைக்கப்படும் பேஸ்மேக்கர் என்னும் சிறு கருவியைப் பெறப்போகிறவர், வைத்தியரிடம் பெரும்பாலும் தவறாமல் கேட்கும் கேள்வி, அதன் பாட்டரி எத்தனை வருஷம் வரும் என்பதாகும். கேட்பவருடைய அந்தரங்கத்தில் இதற்குள் மறைந்து இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது தம்முடைய ஆயுளைப் பற்றியது. முதற்கேள்விக்கு வைத்தியர் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறார். மற்றதற்கு அவரிடம் எண் ஏதும் இல்லை. ஆயினும் அந்த முதல் எண் எவ்வாறு பிறக்கிறது என்பதைச் சற்றே ஆராய்ந்தால், விதி பெரிதா முயற்சி பெரிதா என்று நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் விவாதத்தின் ஒரு பகுதியேனும் தெளிவடையக் காணலாம்.

பாட்டரியாகிய கலத்தில் அடங்கியுள்ள மின்சாரத்தின் அளவைக் கருவி இழுக்கும் மின்னோட்டத்தால் வகுப்பதே கணக்கு. ஓர் ஆம்பியர்-மணி கொள்ளளவுடைய லிதியம்-அயோடின் கலத்திலிருந்து 10 மைக்ரோ ஆம்பியர் ஓடுமானால் அது 1,00,000 மணி நேரம், அதாவது பதினொரு வருஷத்துக்குச் சற்று மேலாக வரும். 20 மைக்ரோ ஆம்பியர் ஓடினாலோ ஆறு வருஷம்கூட நிறையாது. இதயம் தானாகவே துடிக்கும் வேளைகளில் கருவி கவனித்திருப்பதோடு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு துடிப்பையும் அதுவே எழுப்பவேண்டிய நிலையிலும், எழுப்புவதற்கு மிகுந்த சக்தி தேவைப்படும் நிலையிலும் செலவு பெருகுகிறது. ஆகையால் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்யப்பட்ட இரண்டு கருவிகள், இரண்டு மனிதர்களின் மார்பில் வெவ்வேறு ஆயுளை அடைகின்றன. வகுபடும் எண் முன்னமே நிர்ணயிக்கப்பட்டது. வகுக்கும் எண்ணோ வாழ்ந்து தீரவேண்டியது.

ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றாகிய சரக சம்ஹிதையின் விமானஸ்தானத்திலே, மனிதரின் ஆயுள் நியதமானதா அன்றா என்று அக்கினிவேசன் தன் குருவாகிய ஆத்திரேயரை வினவுகிறான். முற்பிறவியில் செய்த வினையைத் தெய்வம் என்றும், இப்பிறவியில் செய்வதைப் புருஷகாரம் என்றும் பகுத்து, இவ்விரண்டின் பலாபலத்தைப் பொறுத்தே ஆயுள் அமைகிறதென்று அவர் விடையிறுக்கிறார். நல்ல மரத்தால் செய்த வண்டி அச்சு தன் சக்தி முழுதும் தேய்ந்து உரிய காலத்தில் ஓய்வது காலமரணம். அதே அச்சு மிதமிஞ்சிய பாரத்தாலும் மேடுபள்ளத்தாலும் ஓட்டுபவனின் குற்றத்தாலும் எண்ணெயிடாமையாலும் நடுவழியில் முறிவது அகாலமரணம் என்பது அவர் காட்டும் திருஷ்டாந்தம். அனைத்தும் நியதமே என்று கொள்வோமானால், மருந்துண்பதற்கும் கொடிய மிருகத்தைக் கண்டு விலகுவதற்கும் காரணமே இல்லாமற்போகும் என்று அவர் சொல்லும் தர்க்கத்தை மறுக்கத்தக்க வாதம் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. முயற்சியும் விதியின் பகுதியே என்று சாதிப்பவர்கள், விதி என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமற்செய்துவிடுகிறார்கள்.

யோக நூலார் இக்கணக்கை மூச்சில் வைத்தனர். நிமிஷத்துக்குப் பதினைந்தாக நாளொன்றுக்கு 21,600 மூச்சு என்றும், ஆயுள் மூச்சுக்களால் அளந்து கொடுக்கப்பட்டதாகையால் மெல்ல மூச்சுவிடுபவன் நெடுநாள் வாழ்வான் என்றும் அவர்கள் வழங்கிவந்த கொள்கை, மேற்சொன்ன வகுத்தலையே பெரிதும் ஒத்திருக்கிறது. ஆனால் செலவைச் சுருக்குவதொன்றே ஆயுளை நீட்டும் என்று நம்புபவர்கள் கலத்தினிடம் இன்னொன்றையும் கற்கவேண்டும். எந்தக் கருவியிலும் பொருத்தாமல் பெட்டியிலேயே கிடக்கும் கலமும், உள்ளே நிகழும் ரசாயன மாற்றத்தால் மெல்ல மெல்லத் தன் சக்தியை இழக்கிறது. உபயோகியாமல் சேமித்து வைப்பதனால் காலத்தை வென்றுவிட முடியாது என்ற இந்த அநித்தியத்தை நினையாத சிக்கனம், வாழ்வைக் காப்பதாக எண்ணி வாழாமலே இருந்துவிடும் பேதைமையில் முடியும்.

1958-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்சன் என்பவருக்கு ஓகே சென்னிங் என்ற சத்திரவைத்தியர், ரூனே எல்ம்க்விஸ்ட் வகுத்தமைத்த முதல் கருவியை உடலுக்குள் பொருத்தினார். அது சில மணி நேரத்தில் ஓய்ந்தது. அதன்பின் 20-க்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்ட லார்சன், அந்த வைத்தியரும் பொறியியல் வல்லுநரும் மறைந்த பின்னரும் வாழ்ந்திருந்து, 2001-இல் தம் 86-ஆம் வயதில், இதயத்தோடு சம்பந்தமில்லாத வேறொரு நோயால் காலமானார். கலத்தின் ஆயுளை மனிதனின் ஆயுளாக எண்ணிக் கலங்குகிறவர்களுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லவேண்டும்.

பழைய பாதரசக் கலங்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் உழைத்து, முடிவு நெருங்குவதைக் காட்டாமல் திடீரென்று வீழ்ந்தன. 1970-களில் பரவிய லிதியம்-அயோடின் கலத்திலோ, சக்தி செலவாகச் செலவாக உள்ளே தடை வளர்ந்து மின்னழுத்தம் படிப்படியாய்த் தணிகிறது. அதைக் கொண்டு, மாற்றவேண்டிய காலம் வந்ததென்று ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு முன்னரே வைத்தியர் அறிகிறார். கலத்தின் உள்ளிருப்பு எவர்க்கும் பிரத்தியட்சமன்று. புகையைக் கொண்டு தீயை அறிவது போன்ற அனுமானமே அங்கும் பிரமாணம். நரையும் தளர்ச்சியும் மனிதர்க்கும் அத்தகைய குறிகளே. அவற்றை அவமானமாகக் கருதி மறைப்பதிலேயே காலம் கழிப்பவர்களைக் காணும்போது மிகவும் வருந்துகிறேன்.

இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒருவன் செய்த வினையை அவனே அனுபவித்துத் தீரவேண்டும். பிறனுக்கு அதைக் கைமாற்ற இயலாது என்பதே நம் சித்தாந்தம். ஆனால் மின்சாரம் கைமாறும். தீயில் கலம் வெடிக்குமாதலால் தகனத்துக்கு முன் கருவியை உடலிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். அப்படி எடுத்தவற்றுள் சிலவற்றில் இன்னும் பல வருஷத்துக்கான சக்தி எஞ்சியிருப்பதுண்டு. அவற்றைச் சுத்தி செய்து ஏழை நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்கள் நலமாக இருப்பதை நம் நாட்டிலேயே வைத்தியர்கள் ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டுமே உரியது என்று செய்தவர்கள் விதித்த கருவியை மறுபடியும் பயன்படுத்தலாமா என்று தயங்குவோரின் எச்சரிக்கையை நான் மதிக்கிறேன். ஆயினும் புதியதொன்றை வாங்க எந்த வழியும் இல்லாதவனுக்கு, சோதித்துத் தேர்ந்து ஏழெட்டு வருஷம் வரும் என்று மதிப்பிட்ட கருவியை மறுப்பது எந்தத் தர்மத்தின்பாற்படும் என்று எனக்கு விளங்கவில்லை.