கனி தராப் பேரி

சிறு தோட்டமே உடையான் ஒருவன், உண்ணத் தகாத காய் காய்க்கும் மரத்தை நட்டு வளர்ப்பது முறையோ? முறையன்று என்பார் நம்மிற் பலர். அக்கூற்றை எளிதில் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. பசியறிந்தவர் சொல் அது.

ஆங்கில நாட்டுத் தோட்டங்களில் ஒருவகைத் தொங்குகிளைப் பேரி விரும்பி வளர்க்கப்படுகின்றது. காக்கசு மலைநாடு, துருக்கி, ஈரான் ஆகியவை அவ்வினத்தின் தாயகம். ஒடுங்கிய இலைகள் வெண்பஞ்சு படர்ந்தாற்போல் வெள்ளி நிறங் காட்டும். ஆங்கிலத்தில் அதனை அழும் பேரி என்பர். நமக்கோ குளித்துக் கூந்தல் உலர்த்துவாளை ஒத்துத் தோன்றுகின்றது. ஏப்ரலில் வெண்மலர் பூக்கும். பின்வரும் சிறு காய்களோ கடினமும் துவர்ப்பும் மிக்கவை.

இதனை வேறொரு பேரியின் வேரின்மேல் ஒட்டுக் கட்டியே வளர்ப்பர். ரப்பர்க் கன்றுக்கு ஒட்டுக் கட்டிய தோழர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஒட்டின்கீழ் எழும் தளிரைக் கிள்ளாவிடில் வேர்மரமே மேலோங்கிவிடும். இலையுதிர்ந்து நிற்கும் குளிர்காலத்தில், உள்ளே பின்னிய கொம்புகளைக் களையாவிடில் மரம் வெறும் புதராகும். தின்ன ஒரு காயும் கிட்டாத மரத்துக்கு இத்துணை உழைப்பு!

கெண்ட் மாவட்டத்துச் சிஸ்ஸிங்கர்ஸ்டில், விட்டா சாக்வில்-வெஸ்ட் என்னும் எழுத்தாளர் 1949, 1950-ஆம் ஆண்டுகளில் வெண்மலர்த் தோட்டமொன்று அமைத்தார். அங்கே கன்னிச் சிலையொன்றின்மேல் இப்பேரி கவிந்தது. அப்போது அந்நாட்டில் உணவுப் பங்கீடு ஒழியவில்லை. 1954-இலேதான் முற்றும் நீங்கியது. போர்க்காலத்தில் புல்வெளியைக் கொத்திக் கிழங்கு பயிரிட்ட மக்கள் அவர்கள். நிலமும் பொருளும் உள்ள சீமாட்டிக்கு அழகு எளிதென்று ஒருவர் சொன்னால் நாம் மறுக்கமாட்டோம். ஆயின் அதனால் அழகு செல்வர்க்கே உரியதென்று முடிப்பது, ஏழைக்கு வயிறு மட்டுமே உண்டென்று கூறுவதாகும். துரைமாரும் நம்மைப்பற்றி அவ்வாறன்றோ எண்ணினர்!

பயன் என்னும் அளவுகோல் தீதன்று. அஃது ஒன்றே போதுமென்பதுதான் தீது. ஏறக்குறைய 25, 30 ஆண்டு பால் தந்தபின் ரப்பர் மரம் வெட்டப்படுகின்றது. மரத்துக்கு அது பொருந்தலாம். அதே கோலை மனிதர்மேல் வைத்தபோது, கை தளர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி லயத்தை விட்டு நீங்க நேர்ந்ததைத் தோட்டங்களில் நாம் காணவில்லையா?

பசித்த வீட்டில் முதலில் முருங்கை நடுக. இதில் நமக்கு ஐயமில்லை. அதனருகே ஒருமுழ நிலம் மிஞ்சினால், அதற்கும் காய்க்கணக்குக் கேட்பானேன்? குளிர்காலம் வேண்டும் அப்பேரி நம் வெப்பநாட்டுத் தாழ்நிலத்துக்கு ஏலாது. லயத்து வாசலில் நந்தியாவட்டை வைத்த நம் தாய்மார் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை.