எவ்வளவு நேரமாக எரிகிறது?

பொய் சொல்கிறவர்கள் எல்லோரும் லாபத்துக்காகச் சொல்வதில்லை. வெட்கம் தாளாமல் சொல்கிறவர்களே அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதை எனக்கு உணர்த்தியவர் ஞானியும் அல்ல, தத்துவ ஆசிரியரும் அல்ல. வேப்பூருக்கு அருகே நெடுஞ்சாலை ஓரத்தில், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு என் கார் முன்னால் நின்ற ஒரு மெக்கானிக். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான்.

2019ஆம் ஆண்டு சித்திரை மாதம். உறவில் ஒரு கல்யாணத்துக்காக நானும் என் மனைவியும் சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதிலிருந்து, பிரேக்கை அழுத்தும்போதெல்லாம் எனக்கு முன்னால் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. மூக்கில் ஒரு சொட்டுத் தொங்கும் எண்ணெய்க் குவளையின் படம்.

"என்னங்க, ஏதோ சிவப்பா தெரியுதே?" என்றாள் மனைவி.

"அது ஒண்ணுமில்லை. பழைய வண்டின்னா அப்படித்தான் மினுக்கும்" என்றேன்.

வேப்பூரை நெருங்குகையில் விளக்கு அணையாமல் நின்று எரியத் தொடங்கியது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. முகூர்த்தம் மறுநாள் காலையில்தான். தலைபோகிற அவசரம் ஏதுமில்லை. ஆனால் நிறுத்தினால் 'ஒண்ணுமில்லை' என்று சொன்ன என் வாக்குப் பொய்யாகிவிடுமே! அடுத்த பெட்ரோல் பங்க்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் ஐந்து நிமிஷம் ஓட்டினேன். பிறகு எஞ்சினுக்குள் யாரோ உலக்கை போட்டு இடிப்பதுபோல் ஒரு சத்தம் எழுந்தது. நடுங்கிப்போய் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன்.

இந்த விளக்குகளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அவற்றின் பாஷை எளிமையானது. பச்சையும் நீலமும் வெறும் தகவல். மஞ்சள் எரிந்தால் வண்டியைச் சீக்கிரத்தில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால், பத்திரமான இடம் பார்த்து உடனே நிறுத்த வேண்டும். எண்ணெய்க் குவளை சொல்வது எண்ணெயின் அளவை அல்ல, அதன் அழுத்தத்தை. எஞ்சினுக்குள் சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் இடையே மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அழுத்தம் போனால் படலம் போகும்; இரும்பும் இரும்பும் உரசும். சில நிமிஷங்களில் ஆயுள் முழுவதற்குமான தேய்மானம் நடந்துவிடும். இதெல்லாம் காரோடு தருகிற கையேட்டில் இருக்கிறது. நாம்தாம் அந்தக் கையேட்டை இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு அடியில் பத்திரமாக உறங்க வைத்துவிடுகிறோம்.

ஆனால் நான் தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். சிவப்பு என்றால் அபாயம் என்பது குழந்தைக்கும் தெரியும்.

வெயிலில் என்ன செய்வதென்று புரியாமல் நின்றிருந்தபோது, எங்களைக் கடந்து போன லாரி ஒன்று சற்றுத் தூரத்தில் நின்றது. அதன் டிரைவர் இறங்கி வந்தார். எஞ்சினை அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "முதல்ல அம்மாவைக் கம்பிக்கு அந்தாண்ட போய் நிக்கச் சொல்லுங்க சார். வர்ற வண்டிக்கெல்லாம் கண்ணு இருக்கும்னு நம்பக்கூடாது" என்றார். டிக்கியில் பிரிக்காமல் கிடந்த சிவப்பு முக்கோணப் பலகையை எடுத்துக்கொண்டு ஐம்பது மீட்டருக்கும் அப்பால் நடந்துபோய் வைத்தார். சீமைக் கருவேலங் கிளை ஒன்றை ஒடித்து வந்து காரின் பின்னால் போட்டார். நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு பெரிய கல்லைத் தூக்கினேன்.

"கல்லு வேண்டாம் சார். வண்டியை எடுத்துக்கிட்டுப் போறவங்க கல்லை அங்கேயே விட்டுட்டுப் போயிடறாங்க. ராத்திரி எவனாவது வந்து மோதறான்."

தனக்குத் தெரிந்த மெக்கானிக்குக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, பெயரைக்கூடச் சொல்லாமல் அவர் போய்விட்டார். தேசிய நெடுஞ்சாலையில் இம்மாதிரிச் சமயத்துக்காக 1033 என்று ஓர் எண் இருக்கிறது. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று அது நினைவுக்கு வரவில்லை. என் நினைவெல்லாம், தவறு என்னுடையதுதானா என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்பதில் இருந்தது. கேட்காததால் அவரிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் நேரவில்லை.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் ஒரு மோட்டார் சைக்கிளில் வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தார். நுனியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"விளக்கு எவ்வளவு நேரமா எரிஞ்சுது சார்?"

"இப்போதுதான். எரிந்தவுடன் நிறுத்திவிட்டேன்."

"சத்தம் ஏதாவது கேட்டுதா?"

"இல்லையே."

இதைச் சொல்லும்போது என் மனைவி கம்பிக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷ தாம்பத்தியத்தில் ஒருவர் பொய்யை மற்றவர் பிறர் முன்னிலையில் உடைப்பதில்லை என்பது ஒரு நாகரிகமாக ஆகிவிடுகிறது. அந்த நாகரிகத்தின் பாரத்தை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

மெக்கானிக் என் வார்த்தையை நம்பினார். கொண்டுவந்திருந்த எண்ணெயை ஊற்றினார். மறுபடி அளவு பார்த்தார். "ஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்றார். நான் ஆசனத்தில் உட்கார்ந்து சாவியைப் பிடித்தேன். கை திரும்ப மறுத்தது.

"தம்பி, நான் சொன்னது சரியில்லை. உளுந்தூர்ப்பேட்டையிலிருந்தே மினுக்கியது. நின்று எரிந்த பிறகும் ஐந்து நிமிஷம் ஓட்டினேன். சத்தமும் கேட்டது."

அவர் கோபிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. "அப்ப சாவியைத் தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, இழுவை வண்டிக்குப் போன் செய்தார். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "எல்லாரும் இப்பத்தான் எரிஞ்சுதுன்னுதான் சார் சொல்றாங்க. உங்களைக் குத்தம் சொல்லவா கேக்கறேன்? எங்கேருந்து வேலையை ஆரம்பிக்கணும்னு தெரியணுமில்ல?" என்றார்.

எஞ்சினைப் பிரித்துப் பார்த்ததில் பேரிங்குகள் போயிருந்தன, தண்டு தப்பிவிட்டது. அன்று சாவியைத் திருப்பியிருந்தால் எஞ்சினே உடைந்திருக்கும் என்றார்கள்.

ஒரே கேள்வியை இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்கலாம். 'எவ்வளவு நேரமாக?' என்று நீதிபதி கேட்டால் அது தண்டனைக்கு அளவுகோல். வைத்தியர் கேட்டால் அது மருந்துக்கு அளவுகோல். வார்த்தைகள் ஒன்றே, குரலில்தான் பேதம். நாமோ வைத்தியர் கேட்டாலும் நீதிபதி கேட்பதாகவே எண்ணிக்கொள்கிறோம். மூன்று மாதமாக இருக்கும் வலியை 'மூன்று நாளாக' என்று ஆஸ்பத்திரியில் சொல்லாதவர் நம்மில் எத்தனை பேர்?

இவ்வளவோடு முடித்திருந்தால் இக்கட்டுரை எனக்குச் சௌகரியமானதாக இருந்திருக்கும். ஆனால் வேப்பூரிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகும்போது என் மனத்தில் வந்து நின்றவன் என் தம்பி.

அதற்குச் சில வருஷங்களுக்கு முன் அவன் என்னிடம் வந்தான். ஜவுளிக் கடையில் நஷ்டம், கடன் என்றான். "எத்தனை நாளா இந்தக் கடன்?" என்று கேட்டேன். "இப்பத்தான் அண்ணா, ரெண்டு மாசமா" என்றான். இரண்டு மாதக் கடனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்தேன். கடன் நான்கு வருஷத்தியது என்று பிற்பாடு தெரிந்தது. உடைந்த எஞ்சினில் ஊற்றிய எண்ணெய்போல என் பணம் போயிற்று. அவன் வீடும் போயிற்று. "கூடப் பிறந்தவன் என்னிடமே பொய் சொன்னான்" என்று உறவினர் எல்லோரிடமும் சொன்னேன். அவன் என் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவன் பொய் சொன்னது தவறுதான். உதவி கேட்கிறவன் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவன். சொல்லாவிட்டால் உதவியே அவனுக்கு நாசமாக முடியும். சாவியைப் பிடித்த என் கைக்கு அது தெரியும். ஆனால் கேட்கிறவனுக்கும் ஒரு கடமை உண்டல்லவா? நான் அன்று எந்தக் குரலில் கேட்டேன்? ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அவன் இளமையில் செய்த பிழைகள் அத்தனையும் ஞாபகம் இருக்கிற அண்ணனின் குரலில் கேட்டேன். அந்தக் குரலுக்கு முன்னால் நான்கு வருஷம் இரண்டு மாதமாகச் சுருங்கிப்போனதில் ஆச்சரியம் என்ன? ஒரு அந்நிய மெக்கானிக்கிடம், அவர் என்னை அதட்டக்கூட இல்லாதபோது, நானே ஐந்து நிமிஷத்தை மறைத்தேனே!

கல்யாண மண்டபத்தில் தம்பி இருந்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், "ஏன் அண்ணா இவ்வளவு நேரம்? வண்டி என்ன ஆச்சு?" என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். விளக்கு எரிந்தது, நான் நிறுத்தாதது, மெக்கானிக்கிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு எழுந்துபோய் எங்கள் இருவருக்கும் காபி வாங்கிக்கொண்டு வந்தான்.

அவன் கடன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று நா துடித்தது. கேட்கவில்லை. கேட்டால் எந்தக் குரலில் கேட்பேன் என்று எனக்கே நிச்சயமில்லை. ஆகவே பேசாமல், அவன் கொடுத்த காபியைக் குடித்தேன்.